கோபத்தில் கட்டிய பிங்கோ மெஷின்

லிஃப்டம்மா அந்த மெஷினை ஆசைப்பட்டுக் கட்டவில்லை, வயிற்றெரிச்சலில் கட்டினாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய பிங்கோ மெஷினைத் திரும்பக் கட்டுகிறவர்கள் என்றாலே, சின்ன வயசில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு விளையாடப் போனேன் என்று மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிடுவார்கள். இவளிடம் அந்தப் பேச்சை எடுத்தால் மூஞ்சியில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். இவள் கட்டியது ஒருத்தியின் வாயை அடைக்க. அந்த ஒருத்தி இவளுடைய நாத்தனார்.

லிஃப்டம்மா என்பது வேலை செய்கிற இடத்தில் வைத்த பேர். பழைய கட்டடங்களின் உச்சியில் லிஃப்டுக்கென்று ஓர் அறை இருக்கும். அதில் பீரோ உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி, பெட்டி நிறைய ரிலேக்கள், கரண்ட் வந்தால் தானே ஒட்டிக்கொள்கிற ஸ்விட்சுகள். கீழே யாராவது பட்டனை அமுக்கினால் ஒரு ரிலே டக்கென்று ஒட்டும், அது இன்னொன்றை இழுக்கும், அது இன்னொன்றை, கடைசியில் லிஃப்ட் நகரும். பெட்டி கிழடுதட்டிப் போனால் கம்பெனி இவளை அனுப்பும். அந்த ரிலேக்கள் செய்கிற வேலையை எல்லாம் புரோகிராமாக எழுதி, உள்ளங்கை அகலப் போர்டு ஒன்றில் ஏற்றி மாட்டிவிட்டு வருவாள். லிஃப்டில் ஏறுகிறவனுக்கு உள்ளே எதுவும் மாறினதே தெரியக்கூடாது. தெரிந்தால் வேலை சரியில்லை என்று அர்த்தம். இதில் அவளுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

அதெல்லாம் பிறகு. அதற்கு முன்னால் அவள் மருமகளாகப் போன வீட்டைச் சொல்ல வேண்டும்.

மாமனார் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு விளையாட்டுக் கூடம் வைத்திருந்தார். நீளமான கடை, உள்ளே போகப் போக இருட்டு. முன்னால் கேரம் போர்டுகள், நடுவில் ஒரு பில்லியர்ட்ஸ் மேசை, கடைசி மூலையில் பிங்கோ மெஷின். சாய்வான பலகை, பலகை முழுக்க நம்பர் போட்ட குழிகள். காசு போட்டால் இரும்புக் குண்டுகள் வரும். ஸ்பிரிங் கம்பியை இழுத்து விட்டால் குண்டு மேலே ஓடி, ஆணிகளில் முட்டி முட்டி இறங்கி ஏதோ ஒரு குழியில் விழும். எதிரே நிமிர்ந்து நிற்கிற கண்ணாடியில் அந்த நம்பர் எரியும். ஒரே வரிசையில் மூன்று எரிந்தால் ஓசி ஆட்டம் கிடைக்கும், நாலு எரிந்தால் நிறையக் கிடைக்கும், அஞ்சு எரிந்தால் கூடத்தில் இருக்கிறவன் எல்லாம் ஓடி வந்து பார்ப்பான். குண்டு விடுவதற்கு முன்னால் இன்னும் காசு போட்டால் கண்ணாடியில் விளக்குகள் ஏறும், ஜெயித்தால் கிடைப்பதும் ஏறும். ஆத்திரப்பட்டு மெஷினைப் பிடித்து ஆட்டினால் 'டில்ட்' என்று எரிந்து ஆட்டம் அங்கேயே செத்துப்போகும்.

கல்லாவில் மாமனாரின் மூத்த மகள். கல்யாணமாகி அடுத்த தெருவில் குடியிருந்தாலும் காலையில் கடை திறப்பது அவள்தான், பூட்டுவதும் அவள்தான். கல்லா அக்கா என்றுதான் ஊரே கூப்பிட்டது. அவள் தம்பி ஒரு பிள்ளைப்பூச்சி. யார் என்ன சொன்னாலும் "சரி, சரி" என்பதால் அவருக்குப் பேரே சரிசரி. இந்தச் சரிசரிக்குத்தான் லிஃப்டம்மாவைக் கட்டிவைத்தார்கள்.

அவள் தொழிற்பள்ளியில் எலெக்ட்ரிகல் படித்துவிட்டு வந்தவள். மெஷின் அப்போது சோம்பிக் கிடந்தது. பாதி விளக்கு எரியாது, போட்ட காசுக்கு ஏற வேண்டியது ஏறாது. பார்க்கிறாயா என்று மாமனார் மெஷினின் பின்கதவுச் சாவியைக் கொடுத்தார். அவள் உள்ளே இருந்த தூசியை எல்லாம் வாரி, கருத்துப்போன காண்டாக்டுகளைத் துடைத்து, பிசுக்கேறி ஒட்டிப்போயிருந்த பல்சக்கரங்களை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து சுழல வைத்தாள். ஓர் ஒயரையும் தொடவில்லை. மெஷின் துள்ளி எழுந்தது. மாமனாருக்கு வாயெல்லாம் பல். சாவி உன்னிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். கல்லா அக்காவுக்கு அடிவயிறு பற்றிக்கொண்டது அன்றைக்குத்தான். அந்தக் கூடத்தில் அவள் கைக்கு வராத சாவி என்று அதுவரை ஒன்று இருந்ததில்லை.

கொஞ்ச நாளில் மெஷின் வாரி இறைக்கத் தொடங்கியது. ஒரு காசு போட்டாலே விளக்குகள் மடமடவென்று உச்சிக்கு ஏறின. முதலில் வருகிறவன் ஜெயித்து, அந்த ஓசி ஆட்டத்தை வைத்துக்கொண்டு நகராமல் நின்றான். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், அப்புறம் கையை ஓங்கினார்கள். மெஷினில் ஏதோ தில்லுமுல்லு என்று பேச்சு பரவி, கேரம் ஆட வருகிறவர்கள்கூட வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒருநாள் காலையில் கடை திறந்த கையோடு மாமனார் வந்து, யாரும் ஓர் ஆட்டம் ஆடுவதற்குள், பிளக்கைப் பிடுங்கி வீசினார். வாசலில் வாடிக்கைக்காரர்கள் நின்றார்கள். கல்லா அக்கா நாக்கில் நரம்பில்லாமல் பேசினாள். ஒயரை மாற்றிக் கட்டியிருக்கிறாள், வேண்டுமென்றே செய்திருக்கிறாள், நம் கடையை மூட வைக்கவே வந்திருக்கிறாள் என்றாள். "வந்தவ கெடுத்துட்டா" என்று முடித்தாள்.

மாமனார் ஒன்றும் கேட்கவில்லை. கையை நீட்டினார். லிஃப்டம்மா சாவியை அவர் கையில் வைத்தாள். அவர் அதை அப்படியே மகளிடம் கொடுத்தார். சரிசரி வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வாரமே தனிக்குடித்தனம். அவள் லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்தாள், உழைத்தாள், மேலே வந்தாள். ஆனால் குடும்பத்தில் ஒரு கல்யாணம், ஒரு துக்கம் என்று எங்கே போனாலும் கல்லா அக்கா அங்கே இருப்பாள். மைக் வேலை செய்யவில்லை என்றால், "ஸ்விட்ச் பக்கம் இவளை விடாதீங்க, கெடுத்துடுவா" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். மாமனாரும் உதட்டோரம் சிரிப்பார். வருஷக்கணக்காக அதே வரி, அதே சிரிப்பு. வீட்டுக்கு வந்து லிஃப்டம்மா பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறைதான். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மாமனார் தன் வாயால் 'நீ கெடுக்கவில்லை' என்று சொல்ல வேண்டும். அவருக்கோ வயசாகிக்கொண்டே போனது, அவர் சொல்லாமலே போய்விட்டால் இந்தப் பழி தன்னோடு சுடுகாடு வரைக்கும் வரும் என்று அவள் பயந்தாள்.

மெஷினைத் திறந்து பார்த்தால் தீர்ந்தது. ஆனால் அது கூடத்தின் பின்னறையில், பிளக் பிடுங்கிய நாளிலிருந்து பூட்டிக் கிடந்தது, சாவி கல்லா அக்கா இடுப்பில். கேட்ட போதெல்லாம், மிச்சத்தையும் கெடுக்கவா என்று பதில் வந்தது.

அதனால்தான் அவள் இன்னொரு மெஷினைக் கட்டக் கிளம்பினாள். அந்த மாடலின் சர்க்யூட் படம் இணையத்தில் கிடைத்தது. பிரிண்ட் போட்டால் படுக்கை விரிப்பு அகலம். சாப்பாட்டு மேசையில் விரித்து, கோடு கோடாக விரல் வைத்துப் படித்தாள். லிஃப்ட் பெட்டிக்கு அக்காள் தங்கச்சி மாதிரி இருந்தது அது. ஒவ்வொரு ரிலேயையும் ஒவ்வொரு சக்கரத்தையும் புரோகிராமில் எழுதினாள். தேய்ந்துபோன ஆட்டப் பலகை ஒன்றைப் பழைய சாமான் வியாபாரியிடம் பிடித்து, குழிக்குக் குழி ஸ்விட்ச் வைத்தாள். தச்சரிடம் பெட்டி செய்து வாங்கினாள். தச்சர் ஒரு காலைக் குட்டையாக வெட்டிவிட்டதற்கு அவர் வாழ்நாளில் கேட்காத வார்த்தைகளைக் கேட்டார். நிமிர்ந்து நிற்கிற கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு டிவி திரையை நிறுத்தி வைத்தாள். போர்டு வடிவமைத்து அச்சடிக்கக் கொடுத்தாள், தப்பாக வந்தது, திருத்தி மறுபடி கொடுத்தாள். சத்தம் இல்லாத மெஷின் பிணம் என்று சொல்லி, உள்ளே கரண்ட் பாய்ந்தால் தட்டுகிற நிஜமான கம்பிச்சுருள் ஒன்றை வைத்து ஒவ்வோர் ஓசி ஆட்டத்துக்கும் மரத்தில் டக்கென்று அடிக்க வைத்தாள். சரிசரி அதைச் சுற்றிக்கொண்டு பாத்ரூம் போகப் பழகினார்.

எழுதும்போதுதான் அந்தச் சக்கரம் அகப்பட்டது. படத்தின் ஒரு மூலையில், எல்லாரும் தாண்டிப் போகிற இடத்தில், ஒரு பல்சக்கரம். ஜனங்கள் காசு போட்டுப் போட்டு ஜெயிக்காமல் இருந்தால் அது பல் பல்லாகத் தளர்ந்து கொடுக்கும், விளக்குகள் சுலபமாக ஏறும். ஜெயிக்க ஜெயிக்க அது திரும்ப இறுகிக்கொள்ளும். மெஷின் தன் கடையைத் தானே பார்த்துக்கொள்வதற்கு வைத்த ஏற்பாடு. கரண்ட் போனாலும் அது நின்ற பல்லிலேயே நிற்கும். லிஃப்டம்மா துள்ளிக் குதித்தாள். மெஷின் தானாகவே தளரும், யாரும் ஒயரை மாற்ற வேண்டியதில்லை. அந்தச் சக்கரம் எங்கே நிற்கிறது என்று காட்ட, பெட்டியின் பக்கவாட்டில் சின்னத் திரை ஒன்றும் வைத்தாள்.

ஆனால் கணக்கு உதைத்தது. அவ்வளவு தளர்வதற்கு ஜெயிக்காத காசு நிறைய விழுந்திருக்க வேண்டும். கூடத்தில் அந்த நாட்களில் எல்லாரும் ஜெயித்துக்கொண்டல்லவா இருந்தார்கள்? அப்படியானால் சக்கரம் இறுகியிருக்க வேண்டும். மறுபடி மறுபடி அதைத் தளர்த்தியது எது? மண்டையைக் குடைந்துகொண்டாள், பிடிபடவில்லை.

அதற்குள் சேதி வந்தது. கூடத்தைக் காலி செய்கிறார்கள், பழைய சாமான் சேர்க்கிற யாரோ ஒருவர் பிங்கோ மெஷினை எடுத்துக்கொள்ள அன்றைக்கு மத்தியானம் வருகிறார். போனால் போனதுதான். லிஃப்டம்மா லீவு போட்டு, சரக்கு வண்டி பிடித்து, தன் மெஷினை ஏற்றிக்கொண்டு நேரே கூடத்துக்குப் போனாள். சரிசரி வண்டிக்குப் பின்னால் ஸ்கூட்டரில் வந்தார்.

கேரம் போர்டுகள் சுவரில் சாய்ந்திருந்தன, பில்லியர்ட்ஸ் மேசை போய்விட்டிருந்தது. மாமனார் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காது மட்டும் கொஞ்சம் மந்தம், மற்றபடி ஆள் கெட்டி. கல்லா இல்லாத கல்லா அக்கா சாவிக்கொத்தோடு அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தாள். பெட்டியைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்பா மெஷினைக் கெடுத்தது போதாதென்று டிவிப் பெட்டி கொண்டுவந்திருக்கிறாளே என்றாள்.

லிஃப்டம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பிளக்கை மாட்டினாள். திரை எரிந்தது. சர்க்யூட் படம் சொன்னது சொன்னபடி எழுதியிருக்கிறேன், ஆடிப் பாருங்கள் மாமா, அப்புறம் பழைய மெஷினைத் திறந்து ஒயரைப் பாருங்கள் என்றாள். மாமனார் வாயைத் திறப்பதற்குள் கல்லா அக்கா முன்னால் வந்துவிட்டாள். விளக்காவது எரிகிறதா பார்ப்போம் என்று சொல்லி, ஆடிப் பார்க்க லிஃப்டம்மா பெட்டியின் மேல் வைத்திருந்த காசுகளை அள்ளினாள். ஒன்று போட்டாள், இன்னொன்று போட்டாள். குண்டு விடவில்லை. விளக்கு ஏற ஏறப் போட்டுக்கொண்டே இருந்தாள். காசு தீர்ந்ததும், தன் வீட்டு அலமாரியைத் திறக்கிறவள் மாதிரி, பார்க்காமலே கீழே கையை விட்டுக் காசுப் பெட்டியை இழுத்து, அதே காசுகளை எடுத்து மறுபடி போட்டாள். திரை முழுக்க ஜெகஜ்ஜோதியாக எரிந்தது. ஒரு நிமிஷம் தள்ளி நின்று பார்த்தாள். பிறகு இடுப்பால் மெஷினை ஓர் இடி. டில்ட். விளக்கெல்லாம் அணைந்தது.

லிஃப்டம்மாவின் கண் பக்கவாட்டுச் சின்னத் திரையில் இருந்தது. சக்கரம் கடைசிப் பல் வரைக்கும் தளர்ந்து நின்றது.

"அண்ணி, இது என்ன பழக்கம்?" என்று கேட்டாள். குரலை அடக்கிக்கொண்டுதான் கேட்டாள்.

கல்லா அக்காவுக்கு அதைச் சொல்வதில் பெருமை. "இதுகூடத் தெரியாதா? கடை திறந்ததும் நான்தான் டெய்லி இத பண்ணுவேன். உள்ள இருட்டு இல்ல? விளக்கு பளிச்சுனு எரிஞ்சாத்தான் ரோட்டுல போறவன் உள்ள வருவான். ஆள் வந்ததும் ஒரு இடி, புது ஆட்டம் குடுத்துடுவேன். நம்ம காசு நம்ம பெட்டிலதான விழுது, யாருக்கு நஷ்டம்?"

லிஃப்டம்மா மாமனார் காதருகே போய், சத்தமாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். மெஷினுக்கு அது விளக்குக்காகப் போட்ட காசு என்று தெரியாது. இத்தனை காசு விழுந்தும் யாரும் ஜெயிக்கவில்லையே என்று அது தினமும் காலையில் தளர்ந்து கொடுத்தது. அதற்கு முன்னால் சக்கரம் பிசுக்கில் ஒட்டிக் கிடந்ததால் அண்ணி போட்ட காசு ஒன்றும் செய்யவில்லை. "நான் தொடச்சு சுத்த விட்டேன் மாமா, அது நெஜம். அதுக்கப்பறம் டெய்லி காலைல அதத் தளர்த்தினது அண்ணி."

கல்லா அக்காவின் முகம் ஒரு கணம் செத்தது. அவ்வளவுதான், மறுகணம் நிமிர்ந்துவிட்டாள்.

"இது நீ எழுதின புரோகிராம். நீ என்ன எழுதினியோ அதத்தான் சொல்லும். இத வச்சு என்னை மாட்டி விடலாம்னு பாக்கறியா?"

லிஃப்டம்மாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஏனென்றால் அது உண்மை. இத்தனை காலம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு கட்டியது, கடைசியில் அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்கிற ஒரு பெட்டி. எதிராளிக்கு எதிராகச் சாட்சி சொல்ல அதனால் முடியாது. இவ்வளவு சாதாரண விஷயம் தனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று என்று தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

"அப்ப பழசத் தொறங்க" என்றாள். "பிளக்கைப் பிடுங்கினது காலைல, அண்ணி காசு போட்டப்பறம், யாரும் ஆடறதுக்கு முன்னாடி. அந்தச் சக்கரம் அப்ப நின்ன எடத்துலயே நிக்கும். நான் ஒயரை மாத்தியிருந்தா அதுவும் தெரியும்."

கல்லா அக்கா சாவி எங்கேயோ கிடக்கிறது என்றாள், இப்போது ஆள் வந்துவிடுவார் என்றாள், பின்னறையில் பூச்சிபொட்டு இருக்கும் என்றாள். எல்லாம் சப்பைக்கட்டு. மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் எழுந்துவிட்டால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது.

பின்னறையில் மெஷின் கோணிச் சாக்குக்கு அடியில் இருந்தது. கல்லா அக்கா கொத்தில் தேடி, வேண்டாத சாவி நாலைந்தைப் போட்டுப் பார்த்து, கடைசியில் பின்கதவைத் திறந்தாள். லிஃப்டம்மா உள்ளே கையை விடவில்லை. தள்ளி நின்று டார்ச் மட்டும் அடித்தாள். ஒயர் கட்டுகள் கம்பெனியில் மெழுகு நூலால் முடிச்சு முடிச்சாகக் கட்டினபடியே இருந்தன. ஒரு முடிச்சுகூட அவிழவில்லை. ஒயரை மாற்ற வேண்டுமானால் அதை அறுத்தாக வேண்டும், அறுத்தால் திரும்ப அப்படிக் கட்ட யாராலும் ஆகாது. டார்ச் நகர்ந்தது. ஓரத்தில் ஒட்டடைக்குப் பின்னால் அந்தச் சக்கரம். கடைசிப் பல்லில் நின்றது. புதுப் பெட்டியின் திரையில் இப்போது எங்கே நின்றதோ, அச்சு அசல் அதே இடம்.

மாமனார் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சரிசரியும் எட்டிப் பார்த்தார். யாரும் எதிர்பார்க்கவில்லை, கல்லா அக்காவின் கை உள்ளே போனது. ஒட்டடையைத் துடைக்கிறவள் மாதிரிப் போன கை, சக்கரத்தைப் பிடித்துத் திருப்பியது. டக், டக், டக் என்று அது இறுகின பக்கம் போய் நின்றது.

"எங்க தளர்ந்திருக்கு? இறுகித்தான இருக்கு" என்றாள்.

லிஃப்டம்மா அடிக்கக் கையை ஓங்கிவிட்டாள். ஓங்கின கையில் டார்ச் இருந்ததால் வெளிச்சம் கூரைக்குப் போய்த் திரும்பியது. அவ்வளவு காலம் அசையாமல் நின்ற ஒரே சாட்சியை, கண்ணெதிரே, கல்லா அக்கா ஒரு நொடியில் கலைத்துவிட்டாள். லிஃப்டம்மா வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. சொல்லப் போனவள் மாமனார் கையைக் காட்டியதும் நின்றாள்.

சக்கரத்தின் டக் டக் சத்தம் மாமனாரின் மந்தமான காதுக்கும் எட்டியிருந்தது. மெஷின் ஓடிய காலமெல்லாம் கேட்ட சத்தம்தான் அது. மகளின் விரல்களைப் பார்த்தார். விரல்களில் ஒட்டடையும் கறுப்புப் பிசுக்கும் இருந்தன.

"எதுக்கும்மா திருப்பினே?" என்று கேட்டார்.

கல்லா அக்கா கையைச் சேலையில் துடைத்தாள். அப்புறம் அந்தக் கறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எதையாவது சொல்வாள் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள். அவள் வாழ்க்கையில் பேச்சில்லாமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

மாமனார் கதவிலிருந்து சாவியை உருவி லிஃப்டம்மா பக்கம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"சாவி வேண்டாம் மாமா. வாயால சொல்லுங்க."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, தொண்டைக்குள்ளேயே சொன்னார். "நீ கெடுக்கல."

"கேக்கல" என்றாள் லிஃப்டம்மா.

போதும் வா என்று சரிசரி அவள் தோளைத் தொட்டார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். மெஷின் எடுக்க வந்தவர் அதற்குள் கூட வந்த ஆட்களோடு வாசலில் நின்றிருந்தார். நல்லதாயிற்று என்று நினைத்துக்கொண்டாள் லிஃப்டம்மா. பழி போட்ட அன்றைக்கும் வாசலில் ஆட்கள் நின்றார்கள்.

"இன்னும் சத்தமா சொல்லுங்க மாமா" என்றாள். "வாசல்ல நிக்கறவங்களுக்குக் கேக்கணும்."

கிழவர் நிமிர்ந்து, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, அந்த இரண்டு வார்த்தையையும் சொன்னார். லிஃப்டம்மா அவருக்கு நன்றி சொல்லவில்லை. போய்த் தன் மெஷினின் பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டி வைத்துவிட்டு, வண்டிக்காரரைக் கூப்பிட்டாள்.